நான் மாற்றி எழுதிய பிறந்த நேரம்

என் பேத்தி ஒரு சிறிய சிவப்புத் தாளைக் காலைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "தாத்தா, உங்க கையெழுத்துதான் அழகு. நான் பொறந்த நேரத்தை இதுல எழுதிக் கொடுங்க" என்றாள். பிய்த்த தோசையை நான் மறுபடியும் தட்டிலேயே வைத்துவிட்டேன். எண்பது வயதில் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினால் யாரும் காரணம் கேட்பதில்லை. அன்று அது எனக்கு உதவியாக இருந்தது.

பேத்திக்குப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை. அங்கேயே வேலை செய்யும் ஒரு சீனப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். பதிவிலாகாவில் மனுக் கொடுத்தாகிவிட்டது. இருவர் பெயரையும் பலகையில் இருபத்தோரு நாள் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் பதிவுத் திருமணம், பிறகு பையன் வீட்டில் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்கு, அதன் பிறகு எங்கள் பக்கத்தில் கோயிலில் மாலை மாற்றுவது என்று ஏற்பாடு. எங்கள் வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. "பையன் சூப்பரா சமைக்கிறான்பா, வேற என்ன வேணும்" என்று சொல்லி என் மகன் அந்தப் பேச்சை ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டான். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் பார்த்தேன். 

பையனின் அம்மா பௌத்தர். வீட்டு வாசலில் காலையும் மாலையும் ஊதுபத்தி ஏற்றுகிறவர். பெண், பிள்ளை இருவரும் பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் ஆகிய நான்கையும் எட்டுச் சீன எழுத்துகளாக எழுதிப் பொருத்தம் பார்த்துத்தான் நாள் குறிப்பார்களாம்.

"ஆன்ட்டி தடுக்கவெல்லாம் மாட்டாங்க தாத்தா. ஆனா சரியில்லன்னு வந்துச்சுன்னா வெளியில சொல்லாம மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருப்பாங்க. அவன் ஒரே பிள்ளை லா. அதான் எனக்குப் பயம்."

"எத்தனை மணிக்குப் பொறந்தே?" என்றேன்.

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். மகன் மேற்படிப்புக்கு இங்கிலாந்தில் இருந்த காலத்தில் பிறந்தவள் அவள். அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் நேரம் எழுதுவதில்லை.

"அஞ்சு மணின்னு ஞாபகம்பா. நான் வேற ஊர்ல பரீட்சையில இருந்தேன். ஓடி வரும்போது இருட்டா இருந்துச்சு."

"காலை அஞ்சா, சாயங்காலம் அஞ்சா?"

"அங்க குளிர்காலத்துல ரெண்டுமே இருட்டுதான்பா!" என்று அவன் சிரித்தான். மருமகள் அடுப்படியிலிருந்து, "என்னைக் கேக்காதீங்க மாமா, ஆபரேஷன், நான் மயக்கத்துல கெடந்தேன்" என்றாள். மகன் விடவில்லை. "அப்பா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. எந்த நேரம் போட்டா பொருந்துமோ அதைப் போட்டுடுங்க. ஒரு தாள்தானே லா."

எல்லோரும் சிரித்தார்கள்.  இதைத்தான் ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு முறை நான் செய்தேன். பொருந்தாமல் போவதற்காகச் செய்தேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதை இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குமாஸ்தாக் குடும்பம் எங்களுடையது. அப்பா அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. நானும் படித்து முடித்துக் குமாஸ்தா ஆனேன். என்னைவிட நான்கு வயது இளையவளான தங்கை தட்டச்சு வேலைக்குப் போனாள். அவளுடைய இலாகாவின் வாகனப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த ஒருவரை அவளுக்குப் பிடித்துப்போனது. அவர் தமிழர், இந்து, தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறவர். ஆனால் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்க, வந்தவர்.

இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் விளங்குவதில்லை. "ரெண்டு பேரும் தமிழ்தானே, அப்புறம் என்ன பிரச்சனை?" என்று பேத்தி ஒரு முறை கேட்டாள். பிரச்சினை அதுதான். சீனரை, வெள்ளைக்காரரைக் கட்டியிருந்தால் அப்பா ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பிறகு சமாதானம் ஆகியிருப்பார். தோட்டத்து ஆட்களோடு சம்பந்தம் வைப்பதை மட்டும் எங்கள் ஆட்கள் மன்னிக்க மாட்டார்கள். அவர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துப் பனைமரத்தை வைத்து எங்களைப் பனங்கொட்டை என்றார்கள். நாங்கள் அவர்களை முகத்துக்கு நேராகவே கூலிக்கார ஆட்கள் என்றோம். கோயிலில் ஒரே முருகனுக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்போம். கல்யாணம் என்றால் மட்டும் நடுவில் ஒரு கடல் இருந்தது.

தங்கை அப்பாவிடம் நேராகவே கேட்டாள். அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "சாதகத்தைக் கொண்டுவரச் சொல்லு. பொருந்தினால் பிறகு கதைப்பம்" என்றார். தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஜாதகம் ஏது, அத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிறவர் இல்லை. பொருந்திவிட்டால் சம்மதித்திருப்பார். தங்கைக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

பிறந்த நேரத்தைக் கேட்டு வர என்னைத்தான் அனுப்பினார்கள். நான் அந்த மெக்கானிக்கோடு கெடாவுக்குப் பஸ் ஏறிப் போனேன். அவருடைய அம்மா, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்து எனக்குப் போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்துகொண்டார். கடிகாரம் இல்லாத வீடு. ஆனால் நேரம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. விடியற்காலையில் மணி அடித்து ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். "பெரட்டு மணி அடிச்சுக்கிட்டு இருக்கறப்பதான் தம்பி இவன் தரையில விழுந்தான். அன்னைக்குப் பெரட்டுக்கு நான் மட்டும்தான் போகல" என்று சொல்லிச் சிரித்தார். நான் அவர் முன்னாலேயே என் பேனாவை எடுத்துக் 'காலை ஐந்தரை' என்று எழுதினேன். எனக்குக் காப்பி கொடுத்தார். கிளம்பும்போது, "ஒங்க தங்கச்சிய நான் கண்ணு மாதிரி வெச்சுக்குவேன்" என்றார்.

பினாங்கு வீதிப் பக்கம் ஒரு சாத்திரியார் இருந்தார். அவரிடம் இரண்டு பேர் விவரத்தையும் கொடுத்தேன். எங்கள் தங்கைக்குச் செவ்வாய் தோஷம் உண்டு. அப்படி இருந்தால் மாப்பிள்ளைக்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை. சாத்திரியார் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்படி ஒன்று அமையிறது அபூர்வம்" என்றார். இருவருக்கும் தோஷம் சமம், பத்தில் எட்டுப் பொருத்தம், உத்தமம் என்று அரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாளை நான் வீட்டில் காட்டவில்லை. அந்த நாட்களில் தைப்பிங்கில் எங்கள் ஆட்கள் வீட்டில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். படித்த பெண். நான் ஒரு முறை பார்த்து வந்து அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் பெண்ணின் மாமா என் அலுவலகத்துக்கே வந்து, "தம்பியின் தங்கையைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டம். பொய்யாய் இருக்கும் எண்டு நினைக்கிறம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவின் மானம், குடும்பத்தின் பெயர் என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை இவ்வளவுதான்: எனக்கு அந்தப் பெண் வேண்டும், அதற்குத் தங்கை இடைஞ்சல்.

மறுநாள் பெர்ரி ஏறி, அக்கரையிலிருக்கும் பட்டர்வொர்த் போனேன். அங்கே வேறொரு சாத்திரியார். புதிய தாளில் 'காலை' என்ற இடத்தில் 'மாலை' என்று எழுதிக் கொடுத்தேன். நேரம் அப்படி மாறினால் கட்டமே மாறிவிடும். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பெண்ணுக்குத் தோஷம், பிள்ளைக்கு இல்லை, பிள்ளையின் ஆயுளுக்குப் பங்கம் என்று எழுதினார். நான் வேண்டியதைவிட அது அதிகம். திரும்பி வரும்போது பெர்ரியில் நின்றுகொண்டு முதல் தாளைக் கடலில் போடப் பார்த்தேன். போடவில்லை. ஏன் வைத்துக்கொண்டேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அப்பா அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு என்னிடம், "ஆயுள் பங்கம்னா உறுதியா அண்ணா?" என்று கேட்டாள். "சாத்திரியார் சொன்னது. எனக்கு என்ன தெரியும்" என்றேன். அவள் அழவில்லை. அந்த வாரமே மெக்கானிக்கைப் பார்த்து, ஜாதகம் பொருந்தவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. தட்டச்சு வேலையை விட்டு ஆசிரியப் பயிற்சிக்குப் போய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாற்றலாகி, ஓய்வு பெற்று இப்போது கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். தைப்பிங் பெண் என் மனைவியானாள். நாற்பத்து நான்கு வருடம் நன்றாக வாழ்ந்தோம். அவளிடமும் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் போய்விட்டாள்.

அந்த மெக்கானிக் பிற்பாடு வேறு பெண்ணைக் கட்டி, அக்கரையில் ஜூருவில் சொந்தமாகப் பட்டறை போட்டார். தைப்பூசத்தில் பிள்ளைகளோடும், பிறகு பேரப்பிள்ளைகளோடும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவார். தங்கை தூரத்தில் நின்று பார்ப்பாள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க அண்ணா, எவ்வளவு நல்லா இருக்கார். நான் அன்னைக்கு விலகினது வீண் போகல" என்றாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. அதுவும் நான் செய்த பொய்யின் மேல் நின்றது.

இந்த நிலையில்தான் பேத்தியின் சிவப்புத் தாள் வந்தது. பேத்தி பிறந்தபோது பிரசவத்துக்கு உதவியாக இங்கிலாந்து போயிருந்தவள் தங்கைதான். காலையா மாலையா என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். "அத்தைப் பாட்டிகிட்ட நேர்லயே போய்க் கேட்டுடுங்க தாத்தா. போன்ல கேட்டா கதை கதையா சொல்லி நேரத்தை மட்டும் சொல்ல மறந்துடுவாங்க" என்றாள் பேத்தி. நான் நான்கு நாள் போகவில்லை. கால்வலி என்றேன், மழை என்றேன். பலகையில் ஒட்டிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. யாராவது ஆட்சேபம் சொல்லிவிடுவார்களோ என்று அர்த்தமில்லாத பயம். காரணமே இல்லாமல் ஒரு கல்யாணத்தைக் கெடுக்கிற ஆள் உலகத்தில் உண்டு என்பது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

என்னோடு ஒரே இலாகாவில் வேலை பார்த்த ஒரு தமிழ் முஸ்லிம் நண்பர் இருக்கிறார். இப்போதும் காலையில் சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். அவரிடம் எல்லாவற்றையும் முதல் முறையாகச் சொன்னேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டவர், ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எங்கள்ல பொண்ணுகிட்ட சம்மதம் கேப்பாங்க, மாப்பிள்ளை கொடுக்கிற மஹர் பேசுவாங்க, முடிஞ்சிரும். உங்கள்ல கிரகத்துகிட்டல்லாம் சம்மதம் கேக்கணுமேன்னு நான் கிண்டல் பண்ணுவேன். நீ என்னடான்னா கிரகத்தையே மாத்திப்புட்டியேப்பா."

"கோயில்ல கேக்காத மன்னிப்பு இல்ல" என்றேன்.

"சாமிகிட்ட கேட்டு என்ன பண்ண? மனுஷனுக்குப் பண்ணின தப்பை அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். நாங்க அப்படித்தான் படிச்சிருக்கோம்."

"சொன்னா அவ நிம்மதி போயிரும். ஆயுசுக்கும் அதை வெச்சுத்தான் அவ வாழ்ந்திருக்கா. என் பாரம் இறங்கணும்னு அவ தலையில வைக்கிறதா?"

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். "ரொட்டி ஆறுது, சாப்பிடு" என்றார்.

பன்னிரண்டாம் நாள் கெலுகோருக்குப் போனேன். பழைய அரைத்தாளை ஓர் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். காட்டுவதற்கென்று முடிவு செய்யவில்லை. காட்டக்கூடாது என்றும் முடிவு செய்யவில்லை. தங்கை காப்பி போட்டு, எனக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாகக் கலந்து கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு உற்சாகமாகிவிட்டது.

"சாயங்காலம். அஞ்சு பத்து. எனக்கு நல்லாத் தெரியும் அண்ணா. நர்ஸ் எனக்கு டீயும் பிஸ்கட்டும் கொண்டாந்து கொடுத்தா. காலையில அஞ்சு மணிக்கு அந்த ஊர்ல யாரு டீ கொடுப்பா?" என்று சிரித்தாள். பிறகு, "அது அந்த ஊர் நேரம். சீனக்காரங்க இந்த ஊர் நேரமா மாத்தணும்னு சொல்வாங்களோ? அதையும் எழுதிடுங்க, எங்க பொறந்தான்னு" என்றாள்.

நான் சிவப்புத் தாளை மேசையில் விரித்து ஆங்கிலத்தில் தேதி எழுதினேன், ஊர் எழுதினேன், ஐந்து பத்து என்று எண்ணில் எழுதினேன். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை.

"என்ன அண்ணா, பி.எம்.னு போடறதுக்கு இவ்வளவு யோசனையா? காலையை மாலையாக்கினா பொண்ணு மாறியா போயிடுவா?"

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் பேனாவை வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியை. எதையும் இரண்டு முறை படிப்பவள்.

"இது பினாங்கு வீதி சாத்திரியார் கையெழுத்து" என்றாள்.

"ஆமா."

"அப்பாகிட்ட நீங்க கொடுத்தது பட்டர்வொர்த்துல எழுதினது."

"ஆமா."

"இதுல காலைன்னு இருக்கு."

"அவங்க அம்மா காலைன்னுதான் சொன்னாங்க. நான்தான் மாலைன்னு எழுதினேன். இது பொருந்தின பிறகு எழுதினேன்." ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். தைப்பிங்கை மறைக்கவில்லை.

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"அப்ப அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாள்.

நான் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பதற்றத்தில், "இதெல்லாம் வெறும் நம்பிக்கைதானேம்மா. யாருக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே. உறுதியான்னு கேட்டேனே உங்களை."

பிறகு சிவப்புத் தாளைத் தன் பக்கம் இழுத்து, என் பேனாவாலேயே பி.எம். என்று தெளிவாக எழுதி, மடித்து என் கையில் கொடுத்தாள். பழைய தாளைத் தான் வைத்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்றாள். எப்போதும் லிப்ட் வரை வருகிறவள் அன்று நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

பையனின் அம்மா இரண்டே நாளில் பதில் சொல்லிவிட்டார். பொருத்தம் நன்றாக இருக்கிறதாம், விருந்தை மட்டும் அடுத்த மாதத்தில் வைக்க வேண்டாமாம். பேத்தி குதித்தாள். மகன் யாருக்கோ போன் போட்டு ஹோட்டல் தேதியை மாற்றினான். வீட்டில் இருந்த பயம் எல்லாம் என் ஒருவனிடம் வந்து சேர்ந்தது. தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலிலிருந்து வந்ததும் எனக்குப் போன் செய்வாள். என் மனைவி இறந்ததிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அந்த ஞாயிறு போன் வரவில்லை. பதிவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று அத்தைப் பாட்டி என்று பேத்தி முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள்.

"அத்தைப் பாட்டி போன் எடுக்கல தாத்தா. மெசேஜ் படிச்சிருக்காங்க, பதில் இல்ல. அன்னைக்குப் போனப்ப என்ன ஆச்சு? சண்டையா?"

"இல்லம்மா" என்றேன். எண்பது வயதில் மறுபடியும் ஒரு பொய்.

பதினெட்டாம் நாள் காலையில் போன் வந்தது.

"காடி ஓட்டுவீங்களா?" என்றாள் தங்கை.

"எங்கே போகணும்?"

"ஜூரு."

எண்பது வயதில் அக்கரைக்குப் போகும் கடல் பாலத்தில் கார் ஓட்டக்கூடாது என்று மகன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். நான் யாரிடமும் சொல்லாமல் சாவியை எடுத்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான்.

"நாப்பதுல போறீங்க. அவன் நம்ம ரெண்டு பேரையும் கடல்ல தள்ளிடப் போறான்."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள். லாரியைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

பட்டறை வாசலில் காரை நிறுத்தினேன். இப்போது அதை மகன்கள் நடத்துகிறார்கள். அவர் உள்ளே விசிறிக்குக் கீழே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கை கைப்பையைத் திறந்து அரைத்தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நீங்க போய்ச் சொல்லுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"என்ன சொல்றது?"

"என்கிட்ட சொன்னதை."

காரிலிருந்து அந்த மேசை வரை இருபது அடி இருக்கும். அவருக்கு இப்போது குடும்பம் உண்டு, மகன்கள் அங்கேயே நிற்கிறார்கள். ஒரு பழைய தாளை வைத்து நான் இன்னும் எத்தனை பேர் வீட்டைக் கலைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அவர் என்னை அடையாளம் கண்டு எழுந்தார். அந்தக் காலத்தில் என்னைச் சார் என்பார். இப்போது, "வாங்கண்ணே, காடியில என்ன கோளாறு?" என்றார்.

நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்காமல், தங்கையிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். காதோரம் சிவந்தது.

"இதை இப்ப எதுக்குண்ணே கொண்டாந்தீங்க? சம்சாரம் சோறு எடுத்துக்கிட்டு வர்ற நேரம்."

"தெரியும். மன்னிப்புக் கேக்கணும்னு…"

"பனங்கொட்டை வீட்டுல நமக்கு எடம் இல்ல, அதுக்கு ஜாதகம் ஒரு சாக்குன்னுதான் நான் நெனச்சேன். கொஞ்ச நாள் திட்டினேன், மறந்துட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல." தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். "எங்கம்மாதான் நம்பினாங்க. அது காலையில அடிச்ச பெரட்டு மணியா, சாயங்காலம் பால் நிறுக்க அடிச்ச மணியா, நான்தான் மாத்திச் சொல்லிட்டேனோன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆஸ்பத்திரியில கெடக்கறப்பகூட. நான் தப்பா சொல்லி ஒன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்டான்னு."

 அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. தங்கையை நினைத்திருக்கிறேன், அவரை நினைத்திருக்கிறேன். நாற்காலியைத் துடைத்துப் போட்ட அந்த அம்மாளை இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் நினைக்கவில்லை.

அவர் வாசலைப் பார்த்தார். "காடியில யாரு?"

"தங்கச்சி."

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு, துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. வெளியே போய்க் காரின் ஜன்னல் பக்கம் நின்றார். தங்கை கண்ணாடியை இறக்கினாள். நான் உள்ளேயே நின்றேன். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு தடவை அவர் கையை நீட்டிப் பட்டறையைக் காட்டினார், ஒரு தடவை தங்கை தலையை ஆட்டினாள். பிறகு ஒரு சிறிய கார் வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அம்மாள் சாப்பாட்டு அடுக்கோடு இறங்கினார். மெக்கானிக் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் தங்கையைப் பார்த்துக் கும்பிட்டார். தங்கையும் கும்பிட்டாள். நான் வெளியே வந்தபோது மூவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தாளை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பாலத்தில் ஏறும்போதுதான் தங்கை திறந்திருந்த கைப்பையை மூடினாள். பிறகு, "அவரோட அம்மா அன்னைக்கு லயத்துல உங்களுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"காப்பி கொடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தீவு கிட்டே வரும் வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. இதை எழுதும் வரையிலும் சொல்லவில்லை. அவளை இறக்கிவிட்டபோது கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "நோட்டீஸ் முடிய இன்னும் எத்தனை நாள்?" என்றாள்.

"மூணு."

"சாட்சிக்கு ஐ.சி. அட்டை கொண்டுவரணுமா?"

"கொண்டுவரணும்."

"சரி. புள்ளைகிட்ட நானே பேசிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். லிப்ட் பக்கம் நடந்தாள். அது மேலே போகும் வரை நான் காரை எடுக்காமல் நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.